இப்படியும் பயன்படுத்துவார்களா?

மருந்துப் புட்டியின் மூடியைக் குழந்தைகளால் திறக்க முடிகிறதா என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு சோதனை இருக்கிறது. 42 மாதம் முதல் 51 மாதம் வரை வயதான குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஆளுக்கொரு புட்டியைக் கையில் கொடுத்து, திறக்கச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் அவகாசம். முடியவில்லை என்றால் பெரியவர் ஒருவர் விளக்கம் ஏதும் சொல்லாமல் ஒரு தடவை திறந்து காட்டுகிறார். பிறகு இன்னும் ஐந்து நிமிடம். அதுவரை வாயில் வைத்துக் கடித்துப் பார்க்காத குழந்தையிடம், "வேண்டுமானால் பல்லாலும் திறக்கலாம்" என்று சொல்லியாக வேண்டும். இது சோதனை விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திறந்து காட்டுவதற்கு முன் குறைந்தது 85 விழுக்காடு குழந்தைகளும், காட்டிய பின்னும் 80 விழுக்காடு குழந்தைகளும் தோற்றால்தான் மூடி தேறும்.

எந்த மருந்துக் கம்பெனியும் புட்டியைப் பல்லால் திறக்கச் சொன்னதில்லை. அந்த மாத்திரை குழந்தைக்காக எழுதிக்கொடுத்ததும் அல்ல. பொருளை வாங்காத, லேபிளைப் படிக்கத் தெரியாத, பல்லைக் கருவியாக்கத் தயங்காத ஓர் ஆள்தான் அந்த மூடி எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார். 1970-ல் வந்த ஒரு சட்டத்தின் தொடர்ச்சியாக இது இன்றுவரை நடக்கிறது.

"தவறாகப் பயன்படுத்திவிட்டார்" என்று நாம் பேச்சில் சொல்லும்போது அது பெரும்பாலும் தீர்ப்பு. பழி யார் தலையில் என்பது முடிவாகிவிட்டது, மேலே பேச ஒன்றுமில்லை என்று பொருள். பாதுகாப்பு வடிவமைப்பில் இதே சொல் வேறு வேலை செய்கிறது. அங்கே அது ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் விழும் தவறான பயன்பாடு வடிவமைத்தவர் கணக்கில் சேரும், அந்தப் பக்கம் விழுவது சேராது. கோட்டைப் போடும் அளவுகோல் பழி அல்ல, ஊகம். ஒரு செயல் முட்டாள்தனமாக இருக்கலாம், கையேட்டில் கொட்டை எழுத்தில் தடுக்கப்பட்டும் இருக்கலாம். நாலு பேர் அப்படிச் செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமானால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் வடிவமைத்தவர்தான்.

வரையறையின் இரண்டாம் பாதி

பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் ஆவணங்களில், இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 12100, மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971, தரநிலைகளை எழுதுகிறவர்களுக்கே வழிகாட்டும் கைடு 51 மூன்றும் ஏறத்தாழ ஒரே வரையறையைத் தருகின்றன. தயாரித்தவர் நினைத்திராத விதத்தில் பொருளைப் பயன்படுத்துவது, ஆனால் எளிதில் கணிக்கக்கூடிய மனித நடத்தையால் நேரக்கூடியது. இதற்கு "நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தவறான பயன்பாடு" என்று பெயர்.

முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளவே தயாரிப்பாளர்கள் விரும்புவார்கள். "நாங்கள் நினைத்தது இதுவல்ல" என்பது நல்ல சாக்கு. இரண்டாம் பாதி அந்தச் சாக்கைப் பறித்துக்கொள்கிறது. நீங்கள் நினைக்கவில்லை, சரி, நினைத்திருக்க வேண்டாமா?

எளிதில் கணிக்கக்கூடியது எது என்பதற்கு ஐஎஸ்ஓ 12100 சில உதாரணங்கள் தருகிறது. இயந்திரம் இயக்குபவரின் பிடியிலிருந்து நழுவுவது. ஏதோ பழுதாகி நின்றதும் கை தானாக உள்ளே நீளும் அனிச்சை. கவனம் சிதறுவது. இருப்பதில் சுலபமான வழியில் வேலையை முடிக்கப் பார்ப்பது. என்ன ஆனாலும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நெருக்கடி. குழந்தைகள் போன்ற சிலரின் நடத்தை. பட்டியலைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும்: இதில் எதுவும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாம் களைத்துப்போன, அவசரத்தில் இருக்கிற, சாதாரண மனிதர்கள் செய்வது. ஓட்டத்தை நிறுத்தக் கூடாது என்ற நெருக்கடியோ இயக்குபவரிடம் பிறப்பதே இல்லை. அது மேலே இருந்து வருகிறது. விரலை இழப்பவர் மட்டும் கீழே இருக்கிறார்.

நாற்காலியை எடுத்துக்கொள்வோம். அது உட்காருவதற்கு. ஆனால் உயரத்தில் இருக்கும் விளக்கை மாற்ற அதன்மேல் ஏறி நிற்காத மனிதரைக் கண்டுபிடிப்பது கடினம். ஏறி நிற்பது தவறான பயன்பாடுதான், கணிக்கக்கூடியதும்தான். எனவே நான்கு கால் நாற்காலியில் ஒருவர் ஏறி நின்றால் இருக்கைப் பலகை தாங்குமா என்று தயாரிப்பாளர் யோசிக்க வேண்டும். அதே நாற்காலியை மாடியிலிருந்து கீழே எறிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதில்லை. சக்கரம் வைத்த சுழல் நாற்காலி என்றால் கதை வேறு. அங்கே ஏறி நிற்பது இன்னும் ஆபத்து, ஆனால் ஏறும் ஆசை குறைந்துவிடுவதில்லை.

காது குடையும் பஞ்சுக்குச்சி இதைவிட விசித்திரமானது. காதுத் துவாரத்துக்குள் விடாதீர்கள் என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எதற்கு வாங்குகிறார்கள் என்பது அச்சிட்டவருக்கும் தெரியும். கிட்டத்தட்ட எல்லாருமே செய்யும் ஒன்றை "தவறான பயன்பாடு" என்று அழைக்க எவ்வளவு தூரம் உரிமை இருக்கிறது? என்னைக் கேட்டால் அந்த எச்சரிக்கை பயனாளருக்காக எழுதப்பட்டதல்ல, வக்கீலுக்காக எழுதப்பட்டது. கைக்குழந்தைகளுக்கென்று விற்கும் குச்சிகளில் சிலவற்றின் முனை உள்ளே போகாதபடி அகலமாக, குமிழ் போல இருக்கும். அதை வடிவமைத்தவர் பொட்டலத்தைப் படிக்கவில்லை, கையைப் பார்த்திருக்கிறார்.

பொம்மைகளின் உலகத்தில் இந்தக் கேள்வியே எழாது. கடிப்பது, முறுக்குவது, பிய்த்து இழுப்பது, தரையில் அடிப்பது எல்லாம் அங்கே பயன்பாட்டின் பகுதி. அமெரிக்க விதிமுறையில் சோதனையின் பெயரிலேயே "பயன்பாடும் முரட்டுப் பயன்பாடும்" இரண்டும் சேர்ந்து வரும். 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையை 1.37 மீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். உடைந்து தெறித்த துண்டு, குழந்தையின் தொண்டையைக் கணக்கில் வைத்துச் செய்த சிறு உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால் பொம்மை தேறாது. "குழந்தை இப்படிப் போட்டு உடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது" என்று எந்தப் பொம்மைக் கம்பெனியும் சொல்லிப் பார்த்துச் சிரிப்புக்கு ஆளாக விரும்பாது.

பிழை வேறு, தவறான பயன்பாடு வேறு

இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானிகள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடிப்புகளை (ஃபிளாப்) உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவது திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் வயிற்றை அடித்துக்கொண்டு ஓடுபாதையில் உட்காரும். விசாரணைக் குறிப்பில் "விமானியின் தவறு" என்று ஒரு வரி சேரும். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். இரண்டு விசைகளும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. அப்படி அமைக்கப்படாத சி-47 விமானங்களில் இந்தத் தவறு நடக்கவில்லை. சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரமும், மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டும் வைத்தார். கண்ணால் பார்க்காமலே கை வித்தியாசம் கண்டுகொண்டது. விமானங்களில் இந்த வடிவ வேறுபாடு இன்றைக்கும் நீடிக்கிறது.

அந்த விமானி எதையும் தவறாகப் பயன்படுத்தவில்லை. சரியாகப் பயன்படுத்தத்தான் முயன்றார். மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுப் பொறியியலுக்கான ஐஇசி 62366 என்ற பன்னாட்டுத் தரநிலை இதைப் பெயரிலேயே பிரித்துக் காட்டுகிறது. "பயனாளர் பிழை" என்ற பழைய சொல்லை அது விட்டுவிட்டது; இப்போது "பயன்பாட்டுப் பிழை". ஓர் எழுத்து, இரண்டெழுத்து மாற்றம் போலத் தெரியும். ஆனால் பிழை ஆளுக்குள் இருக்கிறது என்பதிலிருந்து, ஆளும் கருவியும் சேரும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு நகர்கிறோம். அதைவிட முக்கியம், அந்தத் தரநிலையின் கணக்கில் பயன்பாட்டுப் பிழையும் "இயல்பான பயன்பாட்டின்" ஒரு பகுதி. பிழை செய்வது இயல்பு.

மருத்துவமனைக் குழாய்களில் இது உயிர்ப் பிரச்சினை. ஊசிக் குழலும் ரத்தக்குழாயில் மருந்தேற்றும் குழாயும் சேரும் லூயர் இணைப்பு வெகுகாலம் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது. வயிற்றுக்குப் போக வேண்டிய திரவ உணவை ரத்தக்குழாயிலும், ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டிய மருந்தைத் தண்டுவடத்திலும் செலுத்திய விபத்துகள் நடந்தன, ஆட்கள் இறந்தார்கள். நடு இரவில் மங்கிய வெளிச்சத்தில் ஒரு செவிலியர் ஒரு முனையை இன்னொரு முனையில் பொருத்துகிறார், அது அழகாகப் பொருந்திக்கொள்கிறது. பொருந்தும் என்பதே அந்த வடிவம் அவருக்குச் சொன்ன பொய். ஒவ்வொரு வகைக் குழாய்க்கும் தனி வடிவ இணைப்பைத் தரும் ஐஎஸ்ஓ 80369 தொடர் 2010-லிருந்து வரத் தொடங்கியது. வயிற்று உணவுக்கும் தண்டுவடத்துக்குமான இணைப்புகளின் தரநிலைகள் 2016-ல் வந்தன. இப்போது தவறான முனை பொருந்தாது. அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் தேவைப்படவில்லை.

தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் இன்னும் கசப்பான பாடம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் பெரும் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். பழகிய ஆபரேட்டர் ஒருவர் தட்டச்சில் செய்த தவறை வேகமாகத் திருத்தினால் மென்பொருள் தடுமாறும். மெதுவாகத் திருத்தினால் ஒன்றும் ஆகாது. திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று வரும், அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்காது. இப்படிப்பட்ட செய்திகள் சும்மாவே அடிக்கடி வந்துகொண்டிருந்ததால், பி எழுத்தைத் தட்டி மேலே போவது ஆபரேட்டர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. வேலையில் தேர்ச்சி பெற்றதும், அர்த்தமில்லாத எச்சரிக்கையைத் தாண்டிப்போகக் கற்றுக்கொண்டதும் தவறான பயன்பாடா? இரண்டையும் கற்றுக்கொடுத்ததே அந்த இயந்திரம்தான்.

கோடு எங்கே முடிகிறது

அப்படியானால் பயனாளர் என்ன செய்தாலும் தயாரிப்பாளர்தான் பொறுப்பா? இல்லை. ஐஇசி 62366 இதற்கு "அசாதாரணப் பயன்பாடு" என்று ஒரு வகை வைத்திருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த வரையறை, காரணம் சொல்கிறேன். தெரிந்தே, வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும். இயல்பான பயன்பாட்டை மீறுவதாக இருக்க வேண்டும். இவை எதிர்பார்த்தவைதான். அடுத்துதான் விஷயம்: பயனாளர் முகப்பின், அதாவது கருவியில் அவர் பார்த்துத் தொட்டு இயக்கும் பகுதிகளின், வழியாகத் தயாரிப்பாளர் நியாயமாகச் செய்யக்கூடிய இடர்க் கட்டுப்பாடு எதற்கும் அப்பாற்பட்டதாகவும் அது இருக்க வேண்டும்.

அதாவது, "இது அசாதாரணம், எங்கள் பொறுப்பல்ல" என்று சொல்லும் உரிமை இலவசமாகக் கிடைப்பதில்லை. செய்ய முடிந்ததைச் செய்து முடித்த பிறகே அந்த வாக்கியத்தைச் சொல்லலாம். எச்சரிக்கை ஒலியை ஒருவர் வேண்டுமென்றே அணைத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது முறை காரணமின்றி அடிக்கும் கருவி என்றால் அவர் அணைத்தது அசாதாரணம் ஆகாது. அணைப்பார் என்று யாரும் சொல்லிவிடலாம். ஒலி அளவாகவும் அர்த்தத்தோடும் இருந்து, அணைத்தால் திரும்ப உயிர்பெறும்படியும் செய்திருந்து, அதையும் மீறி ஒருவர் கம்பியை வெட்டினால், அப்போது பேசலாம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். ஒரு மருந்தை அதன் அங்கீகரிக்கப்பட்ட நோக்கத்துக்கு வெளியே மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுப்பது இந்தக் கணக்கில் வராது. அது அவருடைய தொழில் தீர்ப்பு. நோக்கத்துக்கு வெளியே போவதெல்லாம் தவறு என்று எடுத்துக்கொண்டால் உலகில் பாதிக் கண்டுபிடிப்புகள் தவறான பயன்பாடுகள்தான்.

கோடு நிலையானதும் அல்ல. நீதிமன்றங்களில் அது நகர்ந்த கதை கார்களில் தெளிவாகத் தெரியும். 1966-ல் அமெரிக்காவின் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், மோதுவது காரின் நோக்கம் அல்ல என்றது. மோதல் நடக்கலாம் என்று தயாரிப்பாளரால் ஊகிக்க முடிந்தாலும்கூட, மோதலைத் தாங்கும்படி கார் செய்ய வேண்டிய கடமை இல்லை என்பது தீர்ப்பு. இரண்டே ஆண்டுகளில், 1968-ல், எட்டாவது வட்ட நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது. கார் மோதுவதற்காகச் செய்யப்படவில்லைதான், ஆனால் ஓடும் கார்கள் மோதும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மோதும்போது ஸ்டீயரிங் தண்டு ஓட்டுபவரைக் குத்தாமல் இருக்கும்படி நியாயமான அக்கறை எடுக்க வேண்டும் என்றது. 1977-ல் ஏழாவது வட்டமும் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. மோதல் "நோக்கம்" ஆகிவிடவில்லை. நோக்கம் என்ற சொல்லின் பிடி தளர்ந்து, ஊகம் என்ற சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கோட்டை நகர்த்தும் இன்னொன்று விபத்து. ஒரு விதமான தவறான பயன்பாடு முதல்முறை நடக்கும்போது யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லலாம். அது புகாராக வந்து பதிவாகிவிட்ட பிறகு அடுத்த மாடலை வடிவமைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. எதிர்பாராதது என்ற சாக்கை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கை கடைசியில்

ஒரு தவறான பயன்பாடு கணக்கில் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? ஐஎஸ்ஓ 12100 ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் அபாயமே இல்லாதபடி வடிவத்தை மாற்று. முடியாவிட்டால் தடுப்பு, உறை, சென்சார் போன்றவற்றால் காப்பாற்று. அப்போதும் மிஞ்சும் இடருக்கு மட்டும் எச்சரிக்கையும் கையேடும். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்கு நேரே குதிக்கக் கூடாது. நடைமுறையில் பலர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் மலிவு.

தலைமுடி உலர்த்தியைக் குளியல் தொட்டி அருகே பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை அதன் வயரிலேயே தொங்கும். ஆனால் தலை ஈரமாவது குளியலறையில்தானே? சுவிட்சை அணைத்துவிட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். பிளக் செருகியிருக்கும்வரை, அணைத்த கருவியும் தண்ணீரில் விழுந்தால் கொல்லும். எச்சரிக்கை பல ஆண்டு தொங்கியும் சாவுகள் நிற்கவில்லை. 1987-ல் அமெரிக்கத் தரநிலை, அணைத்த நிலையில் நீரில் விழுந்தாலும் மின்சாரம் துண்டாக வேண்டும் என்றது. 1991-ல் அணைத்தாலும் ஓடினாலும் துண்டாக வேண்டும் என்று ஆனது. 2011-ல் அத்தகைய காப்பு இல்லாத கையடக்க உலர்த்தியையே கணிசமான அபாயமுள்ள பொருள் என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விதியாக அறிவித்தது. அங்கே விற்கும் உலர்த்திகளில் பிளக்கின் தலை பருத்திருப்பதற்கு அந்தக் காப்பே காரணம்.

இழுப்பறை அலமாரிகளும் இதே பாதையில் வந்தன. குழந்தை கீழ் இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டாக்கி ஏறும். அலமாரி அதன்மேல் சாயும். சுவரோடு பிணைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பட்டையும் கையேடும் பெட்டியில் இருக்கும், பலர் அதைப் பெட்டியோடு போட்டுவிடுவார்கள். 2022-ல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் பிணைப்பை நம்புவதை விட்டு, அலமாரி தானாகவே நிற்க வேண்டும் என்றது. கம்பளத்தின்மேல் வைத்து, துணி அடைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இழுப்பறைகளைத் திறந்துவிட்டு, 60 பவுண்டு வரையிலான குழந்தையின் எடையைக் கணக்கில் கொண்டு சோதிக்கிறார்கள். வீட்டில் இருப்பது போலவே.

சில சமயம் பொருளின் அழகே தவறான பயன்பாட்டுக்கு அழைப்பு. ஒற்றைத் துவைப்புக்கான திரவச் சலவைப் பொதிகள் பளபளவென்று வண்ணம் பிரிந்து மிட்டாய் போலவே வந்தன; சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டன. 2015 முதல் ஐரோப்பிய விதியின்படி வெளிப்பெட்டி உள்ளே தெரியாதபடி இருக்க வேண்டும், மேலுறையில் கசப்புப் பொருள் சேர்க்க வேண்டும், உறை தண்ணீரில் குறைந்தது 30 விநாடி கரையாமல் தாங்க வேண்டும், 300 நியூட்டன் அழுத்தத்தில் வெடிக்கக் கூடாது. குழந்தை கடிக்கும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு எழுதிய விதி என்பது ஒவ்வொரு எண்ணிலும் தெரிகிறது.

காப்பே தூண்டும் மீறல்

பாதுகாப்பு ஏற்பாடே தவறான பயன்பாட்டைப் பிறப்பிப்பதும் உண்டு. அந்த மருந்து மூடிக்கே திரும்பலாம். குழந்தைக்குத் திறக்காத மூடி, மூட்டுவலி உள்ள முதியவருக்கும் திறக்கவில்லை. அவர் என்ன செய்வார்? ஒருமுறை பாடுபட்டுத் திறந்ததும் மூடாமல் வைத்துவிடுவார், அல்லது மாத்திரைகளைச் சாதாரண டப்பாவுக்கு மாற்றிவிடுவார். உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான மூடி மேசையில் தனியாகக் கிடக்கும். தொடக்கத்தில் மூடிகளை 18 முதல் 45 வயதுக்காரர்களிடம் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். 1995-ல் விதியைத் திருத்தி 50 முதல் 70 வயது வரையிலானவர்களிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். முதியவர் மூடியைக் கழற்றி வைத்ததை ஒழுங்கீனம் என்று பார்க்காமல் வடிவமைப்புக் குறை என்று பார்த்ததால் வந்த திருத்தம் அது.

தொழிற்சாலைகளில் இதற்கு இன்டர்லாக் நல்ல உதாரணம். கதவு திறந்திருந்தால் இயந்திரம் ஓடாது என்பது ஏற்பாடு. ஆனால் உள்ளே சிக்கியதை எடுக்க, கருவியைச் சரிபார்க்க, மணிக்குப் பத்து முறை கதவைத் திறக்க வேண்டியிருந்தால்? ஜெர்மனியின் தொழில்விபத்துக் காப்பீட்டு அமைப்புகளின் கூட்டமைப்பு 2006-ல் வெளியிட்ட ஆய்வு, உலோக வேலை இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்களில் சுமார் 37 விழுக்காடு தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ முடக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மூன்றில் ஒன்றுக்கு மேல் என்றால் அது சில கெட்ட தொழிலாளர்களின் வேலை ஆகாது. 2013-ல் வந்த ஐஎஸ்ஓ 14119 இன்டர்லாக்கை எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது: திருகாணி, ஊசி, தகடு, நாணயம், ஒட்டு நாடா, கயிறு, கம்பி. கையில் கிடைப்பவற்றால் ஏமாற்ற முடிந்தால் அது எதிர்பார்க்கத்தக்கது. அதைவிடப் புத்திசாலித்தனமானது அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. இந்த வேலையைச் செய்ய இன்டர்லாக்கை முடக்கினால் சுலபமாக இருக்குமா, வேகமாக இருக்குமா என்று ஒவ்வொரு வேலைக்கும் கேட்டு எழுதும் அட்டவணை. முடக்கும் ஆசை எங்கே அதிகமோ அங்கே பூட்டை இறுக்குவதற்கு முன் அந்த ஆசைக்கான காரணத்தை எடுத்துவிடு என்பது அதன் தர்க்கம். கதவைத் திறந்துவைத்தே மெதுவான வேகத்தில், விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடும் ஒரு நிலையைக் கொடுத்துவிட்டால் கயிற்றுக்கு வேலை இல்லை.

தெரிந்தே ஏமாற்றினால்

எல்லாவற்றிலும் சிக்கலான இடம் இதுதான்: வேண்டுமென்றே செய்வது, ஆனால் நிச்சயம் செய்வார்கள் என்று தெரிந்ததும் கூட.

டெஸ்லா கார்களின் ஆட்டோபைலட் ஓட்டுநரின் கவனத்தோடு மட்டுமே இயங்க வேண்டிய உதவி ஏற்பாடு. கவனம் இருக்கிறதா என்று அது ஸ்டீயரிங்கில் கை கொடுக்கும் சிறு விசையை வைத்துக் கண்டுபிடித்தது. பின்னர், ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொள்ளும் ஓர் எடைத் துண்டு சந்தைக்கு வந்தது. கை இருப்பது போல அது பாசாங்கு செய்யும். 2018-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. எடையை மாட்டியவர் தெரிந்தேதான் ஏமாற்றினார், சந்தேகமில்லை. ஆனால் கை வைத்திருப்பதும் கவனித்திருப்பதும் ஒன்றா? எடை மாட்டாமல், கையைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தவரையும் அந்த விசை நம்பியது. 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் இதற்காகத் திரும்பப் பெறும் நடவடிக்கைக்கு உள்ளாயின. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நிர்வாகம் தன் விசாரணை முடிவில், ஏற்பாட்டால் முடிவதற்கும் ஓட்டுநர்கள் அதனிடம் எதிர்பார்த்ததற்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தது என்றும், எதிர்பார்க்கத்தக்க தவறான பயன்பாட்டுக்கும் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகளுக்கும் அது வழிவகுத்தது என்றும் எழுதியது. அந்தப் பெயரே பாதி எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டது என்பது என் எண்ணம். விமானத்தைத் தானாக ஓட்டும் ஒன்றின் பெயரை வைத்துவிட்டு, கையேட்டில் "கையை எடுக்காதீர்கள்" என்று எழுதினால் எதை மனம் பிடித்துக்கொள்ளும்?

ஐஎஸ்ஓ 21448 இப்படிப்பட்ட ஓட்டுநர் உதவிகளுக்காகவே எழுதப்பட்ட தரநிலை. ஒரு பாகமும் பழுதாகாமல், எல்லாம் நினைத்தபடி இயங்கியும் நேரும் ஆபத்துகளை அது பார்க்கிறது. எதிர்பார்க்கத்தக்க தவறான பயன்பாடும் அதில் சேரும். எடைத் துண்டு எந்தப் பக்கம் விழும் என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போக மாட்டார்கள். என் பக்கம் இது: எடைத் துண்டாலேயே ஏமாற்றிவிடும் அளவுக்கு எளிய சென்சாரை வைத்தவரும், எடைத் துண்டை வாங்கியவரும் இருவருமே கணக்கில் வருவார்கள். ஒருவர் பொறுப்பு இன்னொருவர் பொறுப்பைக் கழித்துவிடாது.

மூன்றாம் ஆளின் கெட்ட எண்ணத்தை முன்பு மருந்து உறைகளின் வடிவமைப்பில் பெரும்பாலும் சேர்த்ததில்லை. 1982-ல் சிகாகோ பகுதியில் யாரோ டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் சயனைடு கலந்து கடைகளில் வைத்து, ஏழு பேர் இறந்தார்கள். குற்றவாளி பயனாளரும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல. அந்த ஆண்டே, திறக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும் முத்திரைகளைக் கட்டாயமாக்கும் விதி வெளியானது. கொலை செய்தவர் தயாரிப்பாளர் அல்ல. ஆனாலும் ஒருமுறை நடந்துவிட்ட பிறகு அது எதிர்பாராதது அல்ல.

இப்போது இதே சொற்றொடர் மென்பொருளுக்கு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தவறான பயன்பாட்டுக்குத் தனி வரையறை தருகிறது. அதிக இடருள்ள ஏற்பாடுகளைச் செய்பவர்கள் அதையும் இடர்க் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. வரையறையை முதலில் படிக்கும்போது பழைய ஐஎஸ்ஓ வாக்கியம்தான் என்று தோன்றும். பிறகு ஒரு சேர்க்கை கண்ணில் படும்: மனித நடத்தையால் மட்டுமல்ல, மற்ற ஏற்பாடுகளோடு ஊடாடுவதாலும் அது நேரலாம். நாற்காலியில் ஏறுவது ஒரு மனிதர், மூடியைக் கடிப்பது ஒரு குழந்தை. இங்கே ஒரு நிரலை இன்னொரு நிரல் அழைக்கிறது. அதற்கு அவசரம் கிடையாது, களைப்பு கிடையாது, பல்லும் கிடையாது; அடுத்து என்ன கேட்கும் என்பதைச் சொல்ல எந்தச் சோதனை அறையில் யாரை உட்காரவைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.